முதலில் உறுதிமொழி, பிறகு திருமணம்

வலேஹோ, கலிபோர்னியா
8 செப்டம்பர் 1996

அன்பு மகள் தீதாவுக்கு,

உன் கல்யாணச் சேதியை ஊரெல்லாம் கேட்ட பிறகு, உன் சித்தி தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஜெர்சனின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவலும் தட்டு நிறைய பிபிங்கா அரிசிக் கேக்கும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார்களாமே. உன் அப்பா உயிரோடு இல்லை. நான் கடலுக்கு இந்தப் பக்கம். யாரிடம் கேட்டார்கள், சுவரிடமா? நீயும் காபி போட்டுக் கொடுத்தாயாம்.

ஜெர்சன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கப்பல் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன், குடிக்காதவன், அம்மாவுக்கு அடங்கினவன். ஆனால் இப்போது வேண்டாம்.

உனக்குத் தெரிந்த கதைதான், மறுபடி சொல்கிறேன். உன் மாமா எனக்குப் போட்ட மனு பலித்து நான் அமெரிக்காவுக்கு வருவதற்குள் உனக்கு இருபத்தொரு வயது தாண்டிவிட்டது. அதனால் உன்னைக் குழந்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள். பதினேழு வயது உன் தம்பி டிண்டோ என்னோடு வந்தான், நீ அப்பாவோடு நின்றாய். இறங்கிய மாதமே உனக்கு மனுப் போட்டேன். ஐந்து வருடமாக அந்த வரிசை நகர்ந்து நகர்ந்து இப்போது கிட்டத்தில் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு.

கிரீன் கார்டு வைத்திருக்கிறவள் கல்யாணமாகாத மகளைத்தான் கூப்பிட முடியும். நீ மோதிரம் மாற்றிக்கொண்ட அன்றைக்கே மனு செத்துப்போகும். பிறகு யார் காலில் விழுந்தாலும் அது பிழைக்காது. விசா வரட்டும், இங்கே வா, பிறகு ஊருக்குத் திரும்பி வந்து அவனைக் கட்டிக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

பெட்டியில் சோப்பும் டின் இறைச்சியும் அனுப்பியிருக்கிறேன். சித்திக்கும் கொடு. காபி மட்டும் உனக்கு. அதையும் அவர்களுக்குப் போட்டுக் கொடுத்துவிடாதே.

அம்மா


மோலோ, இலோய்லோ, பிலிப்பீன்ஸ்
2 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

பெட்டி வந்தது. காபியைப் பாசிங் அத்தைக்கும் கொடுத்தேன். ஜெர்சனின் அம்மாவை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவர்கள் சுவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் அறுபது பெண்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் பதிலை நானே சொல்ல முடியும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் உங்கள் மனுவைப் பற்றியும் சொன்னேன்.

பாசிங் அத்தை உடனே வழி கண்டுபிடித்துவிட்டார். "இதுக்கு ஏம்மா மண்டைய உடைச்சுக்கிறே? படகுல ஏறி கிமாராஸ் தீவுக்குப் போயிட்டு, அங்க இருக்கிற சாமியார்கிட்ட மோதிரத்தையோ எதையோ மாத்திக்கிட்டு வாங்க. எம்பஸியில கேட்டா கன்னிப் பொண்ணுன்னு சொல்லு. நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

ஜெர்சன் சிரித்தான். "அம்மா, அவங்க பொண்ணுங்க பரீட்சையில பேப்பர் மாத்தினா கோபப்படுற டீச்சரம்மா. அவங்ககிட்ட போய் இதைச் சொல்றியே" என்றான்.

நான் பொய் சொல்லிக்கொண்டு எந்த நாட்டுக்குள்ளும் போகமாட்டேன். என் கணவனை அறைக்குள் ஒளித்து வைக்கவும் மாட்டேன். ஆனால் நேர்வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமக்கள் கல்யாணமான மகளுக்கும் மனுப் போடலாம் என்கிறார்கள். பழைய மனுவே அப்படி மாறிக்கொள்ளுமாம். ஐந்து வருடம் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் எடுக்கவில்லை?

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்பாவை அடக்கம் செய்த பிறகு நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக்கூட நீங்கள் நிற்கவில்லை. "கார்டு போயிடும்" என்று விமானம் ஏறினீர்கள். அந்த ஜெபத்தை நானும் சித்தியும் நடத்தினோம். அந்தக் கார்டுக்காக நான் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டேன்.

தீதா


வலேஹோ
3 நவம்பர் 1996

தீதா,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் படித்தேன். அதைப் படித்த வேகத்தில் மிஸ்டர் ஹோல்டனின் கஞ்சியில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டேன். கிழவர் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கிண்ணம் கேட்டார்.

நான் ஏன் விமானம் ஏறினேன் என்று உனக்குத் தெரியாதா? உன் அப்பாவோடு ஏற்கெனவே எட்டு மாதம் ஆகிவிட்டது, ஒரு வருடத்தை நெருங்க நெருங்க விமான நிலையத்திலேயே கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார்கள். கார்டு போனால் உன் மனுவும் போகும். உனக்காகத்தான் ஏறினேன். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் ஏறுவேன்.

குடியுரிமை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். அதுவும் உனக்காகத்தான். இதை நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான், இங்குள்ள கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் உமாலி அம்மாவிடம் மறுபடி போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க சிட்டிசன் ஆனா உங்க மக வேற வரிசைக்கு மாறுவா. மத்த நாட்டுக்காரங்களுக்கு அது வேகமான வரிசை. நம்ம பிலிப்பீன்ஸ்காரங்களுக்கு மட்டும் தலைகீழ். ஜனம் அவ்வளவு அங்க நிக்குது. கல்யாணமும் பண்ணிக்கிட்டா அதைவிட நீளமான வரிசை. பத்து வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அப்ப எடுக்காம இருக்கிறதுதான் நல்லதா?"

"உங்க மக கல்யாணம் பண்ணாம காத்திருப்பான்னா, ஆமா. பண்ணிக்கப் போறான்னா, நீங்க முதல்ல உறுதிமொழி எடுத்துடணும். அதுக்கப்புறம்தான் அவ மோதிரம் மாத்தணும். ஒரு நாள் முன்னால மாத்தினாலும் எல்லாம் போச்சு. ஒழுங்கா நடந்தா, நீங்க மனுப் போட்ட பழைய தேதி அவகூடவே வரும். புருஷனும் பிள்ளைங்களும்கூடச் சேர்ந்து வரலாம்."

கிமாராஸ் யோசனையையும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "அதை மட்டும் செய்யவேணாம்னு சொல்லுங்க" என்றார். என்னோடு வேலை பார்க்கும் லூஸின் தங்கை அப்படித்தான் வந்தாள். கன்னி என்று சொல்லி உள்ளே வந்தவள், பிறகு கணவனைக் கூப்பிட மனுப் போட்டபோது கல்யாணத் தேதியை எழுத வேண்டியிருந்தது. இப்போது அவளையே திருப்பி அனுப்ப வழக்கு நடக்கிறது. பாசிங் அத்தையிடம் சொல்.

ஆக, உன் வழியில் போனால் ஒரு வருடம் பத்து வருடம் ஆகும். எனக்கு ஐம்பத்தாறு வயது. கணக்குப் போட்டுப் பார். நான் குடியுரிமைக்குப் போகப் போவதில்லை.

அம்மா


மோலோ
1 டிசம்பர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

லூஸின் தங்கை கதையைப் பாசிங் அத்தையிடம் சொன்னேன். "அவளுக்குப் பொய் சொல்லத் தெரியல" என்றார். ஆனால் அதற்குப் பிறகு கிமாராஸ் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் லூர்தஸ் ஹெச்சனோவா என்று ஒருவர் இருக்கிறார். உங்களுக்கும் தெரியும், இளம் வயதில் கோவிலில் பாடுவார். அவருடைய அப்பா ஹவாயிலிருந்து மனுப் போட்டார். விசாவுக்காக லூர்தஸ் கல்யாணம் செய்யாமல் இருந்தார். அவருக்காகக் காத்திருந்த மனிதர் ஒருநாள் களைத்து வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். போன வாரம் லூர்தஸின் விசா வந்துவிட்டது. எல்லாரும் கேக் வெட்டினோம். அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தீதா, நான் போறேன். ஆனா அங்க யாரைப் போய்ப் பாக்கப் போறேன்னு எனக்கே தெரியல. அப்பாவும் போன வருஷம் செத்துட்டார்."

அப்பா செத்தால் மனுவும் செத்துவிடும் என்றல்லவா சொல்வார்கள் என்று கேட்டேன். விதிவிலக்குக் கேட்டு இங்கிருக்கிற அண்ணன் எழுதினாராம், இரக்கப்பட்டுக் கொடுத்தார்களாம். இருபது நிமிடம் அழுதுவிட்டு அவர் வகுப்புக்குப் போனார்.

அம்மா, நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. ஜெர்சன் அடுத்த ஜூலையில் கப்பலிலிருந்து இறங்குகிறான், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஏறுகிறான். ஏறும் முன் ஆகஸ்டில் கல்யாணம். அதற்குள் நீங்கள் குடியுரிமை எடுத்தால் என் இடம் வரிசையில் இருக்கும். எடுக்காவிட்டால் இருக்காது. இரண்டுக்கும் நான் தயார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, அவன் இருக்கிறான். வரிசை இல்லாவிட்டால் அழுதுகொண்டு உட்காரமாட்டேன்.

உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு மட்டும் கல்யாணம் செய்ய எனக்கு விருப்பமில்லை.

தீதா


வலேஹோ
19 ஜனவரி 1997

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நான் எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன். உன் தம்பி அதைக் கெடுத்துவிட்டான்.

புத்தாண்டுக்கு நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தை அவன் எடுத்துப் படித்துவிட்டு அடுப்படிக்கு வந்தான். "அம்மா, அக்கா வரிசையைக் காப்பாத்தத்தான் பாக்குறா. நீங்கதான் வரிசையையும் விட்டு அவளையும் விடப் பாக்குறீங்க."

"உனக்கு என்னடா தெரியும்?"

"எனக்கு அக்காவைத் தெரியும். ஆகஸ்ட்ல கல்யாணம்னு சொல்லிட்டான்னா ஆகஸ்ட்லதான். அன்னிக்கு நீங்க யாரா இருக்கப் போறீங்க, கார்டுக்காரியா, சிட்டிசனா? அது ஒண்ணுதான் உங்க கையில இருக்கு."

கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நூடுல்ஸைக் கரிய விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை உமாலி அம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். குடியுரிமைக்கு மனுப் போட்டாயிற்று. கைரேகை கொடுத்தாயிற்று.

ஒரு சிக்கல். உன் அப்பாவுக்காக நான் அங்கே எட்டு மாதம் இருந்தேன் அல்லவா, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் "இவள் இங்கே வசிப்பதை விட்டுவிட்டாள்" என்று எடுத்துக்கொள்வார்களாம். இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாக வருடங்களை எண்ண வேண்டும். அப்புறம் உன் ஆகஸ்டுக்கு நான் எங்கே போவேன்? மருத்துவமனைச் சான்றும் இறப்புச் சான்றும் வேண்டும். சீக்கிரம் அனுப்பு.

கேள்விகளை டிண்டோ கேட்கிறான், நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்கிறேன். செனட்டில் நூறு பேர். கொடியில் பதின்மூன்று கோடு. மிஸ்டர் ஹோல்டனையும் கேட்டேன், அவருக்குப் பாதி தெரியவில்லை. இங்கேயே பிறந்தவர், அவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

அம்மா


மோலோ
10 பிப்ரவரி 1997

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இரண்டு தடவை காரணமில்லாமல் நடந்தேன்.

சான்றுகள் இதோடு இருக்கின்றன. மருத்துவமனையில் அப்பாவின் பழைய தாள்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. அங்கே பெரிய நர்ஸாக இருப்பவர் என் மாணவியின் அம்மா. "மிஸ், நாளைக்கு வாங்க" என்று நாலு தடவை அலையவிட்டு, ஐந்தாவது தடவை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முத்திரையோடு கொடுத்தார். அப்பா அனுமதிக்கப்பட்டது, கீமோ எடுத்தது, நீங்கள் பக்கத்திலேயே இருந்தது எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த எட்டு மாதமும் நீங்கள்தான் அவருக்குச் சோறு ஊட்டினீர்கள். அதை நான் என் கடிதத்தில் எழுதவில்லை. இதைப் படிக்கும்போது ஞாபகம் வந்தது.

கல்யாணம் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. சாமியாரிடம் சொல்லியாயிற்று.

தீதா


வலேஹோ
12 ஜூலை 1997

தீதா,

தேர்வு முடிந்தது. பாஸ்.

இளநீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு டிண்டோவோடு போனேன். அதிகாரி மெலிந்த மனிதர், சிரிக்காத முகம். உண்மையே சொல்வேன் என்று கையைத் தூக்கச் சொன்னார். முதல் கேள்வியே அந்த எட்டு மாதம்தான்.

"எட்டு மாசம் நாட்டை விட்டு வெளியே இருந்திருக்கீங்க. எதுக்கு?"

"என் புருஷன் சாகுறதுக்கு எட்டு மாசம் எடுத்துக்கிட்டார் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது. "அப்ப இங்க உங்க வீடு?" என்றார். வீட்டு வாடகை ஒரு மாதம்கூட நிற்கவில்லை, மகன் அதே வீட்டில் இருந்து கல்லூரிக்குப் போனான், முதியோர் இல்லத்தில் எனக்கு விடுப்புத்தான் கொடுத்தார்கள், நீக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் உமாலி அம்மா ஒரு தாளை வைத்திருந்தார். நீ அனுப்பியதை அதிகாரி வரி வரியாகப் படித்தார். "பக்கத்துலயே இருந்தீங்களா?" என்றார். "வேற எங்க சார் இருப்பேன்?" என்றேன். தாளை மூடி ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். "இன்று வெயில் அடிக்கிறது" என்பதுதான் வாக்கியம். வெளியே ஒரே பனிமூட்டம். சண்டை போடாமல் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது கவனமாகப் படி. உறுதிமொழி நாள் நேற்றுத் தபாலில் வந்தது. ஆகஸ்ட் 20, புதன்கிழமை. உன் கல்யாணம் 16. கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லும்வரை நான் குடிமகள் இல்லை, பாஸானது கணக்கில் வராது என்று உமாலி அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டார். நாளை முன்னால் நகர்த்த முடியுமா என்று கேட்டேன், முடியாது. நீ நகர்த்து.

அம்மா


மோலோ
25 ஜூலை 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நகர்த்தியாயிற்று. ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. ஜெர்சன் 26-ஆம் தேதி மணிலாவில் கப்பல் ஏற வேண்டும்.

இதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். 23-ஆம் தேதி கோவிலில் வேறொரு ஜோடிக்குக் கொடுத்திருந்தார்கள். சாமியார் கையை விரித்தார். "ஏம்மா, ஒரு வாரத்துல அப்படி என்ன மாறிடப் போகுது?"

"எங்கம்மா மாறிடுவாங்க ஃபாதர். புதன்கிழமைதான் அமெரிக்காக்காரி ஆகுறாங்க. அதுக்கு முன்னால கல்யாணம் பண்ணினா ஆறு வருஷ வரிசை போயிடும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மோட்ச ராஜ்ஜியத்துக்குக்கூட இவ்வளவு சட்டம் இல்லம்மா" என்றார். அவர்களுக்கு முன்னால் காலை ஆறரை மணிப் பூசையில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்.

பாசிங் அத்தைதான் கொதித்துப்போனார். ஆகஸ்ட் 16-க்குப் பன்றிக்குச் சொல்லி, உறவுக்கெல்லாம் சொல்லியாயிற்றாம். "கல்யாணம் பண்ணின மறுநாளே துணி மடிச்சு வச்சு என் பிள்ளையக் கப்பலேத்தணுமா? உங்கம்மா சத்தியம் பண்றதுக்கு என் பிள்ளை ஏன் காத்திருக்கணும்?"

ஜெர்சன் அவரிடம் சொன்னான்: "நான் பத்து மாசம் கடல்ல காத்திருந்தேன்மா. இன்னும் ஏழு நாள்ல தேய்ஞ்சு போயிடமாட்டேன். அவங்க அம்மா ஆறு வருஷமா காத்திருக்காங்க."

மறுநாள் அத்தையே வீடு வீடாகப் போய்த் தேதி மாறியதைச் சொல்லிவிட்டு வந்தார்.

நீங்கள் வந்துவிடுவீர்கள் அல்லவா? புதன் உறுதிமொழி, வியாழன் விமானம், வெள்ளி இங்கே.

தீதா


வலேஹோ
21 ஆகஸ்ட் 1997

என் தீதா,

நேற்றுத் தொலைபேசியில் "முடிஞ்சிடுச்சு, இனி நீ பண்ணிக்கலாம்" என்று சொன்னதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ கல்யாணமானவள்.

பெரிய அரங்கம். ஆயிரம் பேருக்கு மேல். வாசலில் ஒரு மேசை. அங்கே ஒரு பெண் கையை நீட்டினாள். "கார்டைக் குடுங்கம்மா." ஆறு வருடமாக மார்போடு சேர்த்து வைத்திருந்தது. கொடுத்தேன். அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் மற்றவர்களுடையதோடு போட்டாள். சத்தம்கூடக் கேட்கவில்லை.

வேறு எந்த அரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. எனக்கு எந்த அரசரும் கிடையாது, ஆனால் நாடு இருந்ததே. பக்கத்தில் எல் சால்வடாரிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர், என்னைப் பார்த்துவிட்டு அந்த வரியைச் சற்று மெதுவாக, எனக்குக் கேட்கும்படி சொன்னார். அவரோடு சேர்ந்து சொன்னேன். முழுதாகச் சொன்னேன், தீதா. உமாலி அம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை. ஆறு வருடமாக இந்த ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டித் துடைத்து உட்காரவைத்திருக்கிறேன். எனக்கும் இதில் பங்கு உண்டு என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது.

ஆனால் வர முடியவில்லை. பழைய கார்டு இல்லை, புதிய பாஸ்போர்ட்டுக்கு இன்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இல்லாமல் கிளம்பினால் திரும்பி உள்ளே வர வழியில்லை. உன் கல்யாணத்துக்கு வழி விட்ட அதே உறுதிமொழிதான் என்னைக் கல்யாணத்துக்கு வரவிடாமல் நிறுத்தியது. நேற்று இதைச் சொல்ல வந்துதான் சொல்லாமல் வைத்துவிட்டேன். டிண்டோ இப்போது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சனிக்கிழமை காலை ஆறரை என்றால் இங்கே வெள்ளி மதியம். அந்த நேரம் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இளநீலச் சட்டை போட்டுக்கொண்டு கோவிலில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா


மோலோ
4 செப்டம்பர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

டிண்டோ சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் உங்கள் மேல் கோபமும் வந்தது. பிறகு பாசிங் அத்தை வந்து, முதல் வரிசையில் உங்கள் இடத்தைக் காலியாகவே விடச் சொன்னார். "அது சம்பந்தியம்மா நாற்காலி. யாரும் உட்காரக்கூடாது" என்றார். என் தலைமையாசிரியையான சிஸ்டர் வந்தபோதுகூட உட்காரவிடவில்லை.

மழை. முன்னால் நின்ற ஜெர்சனின் சட்டை பாதி நனைந்திருந்தது. பூசை முடிந்து வாசலுக்குப் போகும் முன்பே அடுத்த ஜோடியின் பூ அலங்காரக்காரர்கள் எங்கள் பூவைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவனை அனுப்பிவைத்தேன். ஒரு துணியையும் அத்தை என்னை மடிக்கவிடவில்லை.

பத்து வருடம் கழித்து எங்கள் முறை வரும்போது வருவோமா, மாட்டோமா என்று இப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் அவனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். வாசல் திறந்திருக்கிறது, அது போதும். அதைத் திறந்துவைத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

தீதா

பின்குறிப்பு: இதை மூன்று வாரமாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வாந்தி வருகிறது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில்.


வலேஹோ
7 மார்ச் 1998

என் தீதாவுக்கு,

நேற்று விமானச் சீட்டு எடுக்கப் போனேன். ஏஜென்சியில் இருப்பவள் நம் பக்கத்துத் தீவின் பக்கோலோட் ஊர்ப் பெண், நெகிட்டா. ஏழு வருடத்தில் அவளிடம் இரண்டே தடவைதான் சீட்டு எடுத்திருக்கிறேன். இரண்டு தடவையும் போகும் தேதிக்கு முன்னால் திரும்பும் தேதியைத்தான் சொல்லியிருக்கிறேன். நாள் தாண்டினால் என்ன ஆகும் என்ற பயம் என்னோடு ஊருக்கு வந்து, சாப்பாட்டு மேசையில்கூட உட்கார்ந்திருக்கும்.

புதிய நீலப் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, மணிலாவுல இனி நீங்க வெளிநாட்டுக்காரி. ஆனா பயப்படாதீங்க, ஊர்க்காரி திரும்பி வர்றான்னு ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்திக் குடுத்துடுவாங்க. அதுக்கு மேல வேணும்னா அங்கயே நீட்டிச்சுக்கலாம்" என்றாள்.

"இங்க திரும்பி வர்றதுக்குக் கெடு உண்டா?"

"இங்க உங்களை யார் கேப்பாங்க? உங்க வீடு. எப்ப வேணா வரலாம்."

இதை உமாலி அம்மாவும் சொல்லியிருந்தார், புத்தகத்திலும் படித்திருந்தேன். ஆனாலும் நேற்று அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உன்னை இங்கே கொண்டுவருவதை மட்டுமே இத்தனை வருடம் யோசித்தேன். நான் அங்கே வரலாம், வந்து இருக்கலாம் என்று யோசிக்கவே இல்லை.

மே முதல் வாரம் வந்து இறங்குகிறேன், குழந்தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது. முதியோர் இல்லத்தில் நீண்ட விடுப்புக் கேட்டேன். தரமுடியாது என்றார்கள். அப்படியானால் விலகிக்கொள்கிறேன், திரும்பி வந்து வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். பாசிங் சம்பந்தியிடம் சொல், பெயர் வைக்கிற விஷயத்தில் அவருக்கு ஒரு போட்டியாள் வருகிறாள்.

கடைசியாக நெகிட்டா பேனாவை எடுத்துக்கொண்டு, "திரும்புற தேதி என்ன போடட்டும் ஆன்ட்டி?" என்றாள்.

"அதை எழுதாதே" என்றேன். "பிள்ளை என்னை அடையாளம் கண்டு சிரிக்கட்டும். அதுக்கப்புறம் போன் பண்ணிச் சொல்றேன்."

அம்மா